ஒரு மாவட்டத்தில் ஹீமோபிலியா எத்தனை பேருக்கு? அரிய பரம்பரை நோயைக் கணக்கிடும் முறை

ரத்தம் எளிதில் உறையாத பரம்பரை நோயான ஹீமோபிலியா ஒரு மாவட்டத்தில் எத்தனை பேருக்கு உள்ளது என்று கேட்டால், அரசு மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கும் எண்ணையே பெரும்பாலும் விடையாகச் சொல்கிறார்கள். அந்த எண் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டும் குறிக்கிறது. வந்து சேராதவர்கள், ரத்தம் உறையாத காரணம் தெரியாமலே பல் பிடுங்கிய பிறகு இரண்டு நாள் ரத்தம் கசிந்து பயந்தவர்கள், ஊர் மாறிப் போனவர்கள், வேறு நோயின் பெயரால் பதிவானவர்கள் ஆகியோர் அதில் இல்லை. பதிவேட்டின் எண்ணுக்கும் உண்மையான எண்ணுக்கும் இடையிலுள்ள தொலைவை எப்படி அளப்பது என்பதை மாவட்ட சுகாதாரப் பணியாளர், நோயாளிகள் சங்கத் தொண்டர், பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர் ஆகியோர் பின்பற்றக்கூடிய வகையில் இங்கே விளக்குகிறேன். கணினியில் ஒரு சாதாரண அட்டவணைச் செயலியும், பெயர்களைப் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்க்கும் ஓர் ஆளும் இருந்தால் இதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

இந்த வேலை எவ்வளவு தேவையானது என்பதற்கு நம் நாட்டின் கொள்கை ஆவணமே சான்று. ஐரோப்பிய ஒன்றியம் 10,000 பேரில் 5 பேருக்கு மேல் இல்லாத நோயை அரிய நோய் என்கிறது; அமெரிக்கச் சட்டம் நாடு முழுவதும் 2 லட்சம் பேருக்குக் குறைவாக இருப்பதை அவ்வாறு வகைப்படுத்துகிறது. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு தேசிய அரிய நோய்க் கொள்கையோ, போதிய புள்ளிவிவரம் இல்லாத காரணத்தால் அப்படியொரு எண் வரையறையைத் தரவில்லை.

முதலில் கேள்வியைத் திட்டமாக எழுதுங்கள்

“எவ்வளவு பரவலாக உள்ளது” என்ற ஒரே கேள்விக்குள் இரண்டு வெவ்வேறு கேள்விகள் இருக்கின்றன. பிறக்கும் ஆண் குழந்தைகளில் லட்சத்துக்கு எத்தனை பேருக்கு இந்நோய் இருக்கிறது என்பது ஒன்று. குறிப்பிட்ட ஒரு நாளில் உயிரோடிருக்கும் ஆண்களில் லட்சத்துக்கு எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது மற்றொன்று. ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ், இத்தாலி, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளின் பதிவேடுகளைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வின்படி, உயிரோடிருக்கும் ஆண்களில் லட்சத்துக்கு 17.1 பேருக்கு ஹீமோபிலியா ஏ (ரத்தத்தை உறையவைக்கும் புரதமான உறைதல் காரணி 8 குறைவு), 3.8 பேருக்கு ஹீமோபிலியா பி (காரணி 9 குறைவு) உள்ளது. அதே ஆய்வு பிறப்பை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டபோது, ஏ வகைக்கு 24.6 என்றும் பி வகைக்கு 5.0 என்றும் வந்தது. இரண்டு கணக்குக்கும் இடையிலான இந்த வேறுபாடு, நோயோடு பிறந்தவர்கள் மற்றவர்களைவிட முன்னதாக இறந்துபோவதைக் காட்டுகிறது. சிகிச்சை குறைவாகக் கிடைக்கும் இடத்தில் அந்த வேறுபாடு இன்னும் பெரிதாக இருக்கும் என்பதால், எந்த எண்ணைத் தேடுகிறோம் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

அடுத்து, யார் நோயாளி என்பதற்கான வரையறை. உறைதல் காரணி 8 அல்லது 9-இன் அளவு இயல்பில் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று ஆய்வகம் உறுதி செய்திருக்க வேண்டும். 1 சதவீதத்துக்குக் குறைவானால் கடுமையானது, 1 முதல் 5 வரை மிதமானது, 5-க்கு மேல் 40 வரை லேசானது. ஏபிடிடி (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் பொதுச் சோதனை) நேரம் நீண்டிருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவரைச் சேர்த்தால், வேறொரு பரம்பரை ரத்தக்கசிவு நோயான வான் வில்லிபிராண்ட் நோய் உள்ளவர்களும் பட்டியலுக்குள் வந்துவிடுவார்கள். முதுமையில் நோயெதிர்ப்புக் கோளாறால் திடீரென வரும் ஹீமோபிலியா பரம்பரை நோய் அன்று. அதை நீக்கிவிட வேண்டும். காரணி அளவு குறைந்திருக்கும் பெண்களைத் தனிப் பட்டியலில் வையுங்கள். அவர்களுக்கும் சிகிச்சை தேவை. ஆனால் ஆண்களின் தொகையை வகுஎண்ணாக (நோயாளிகளின் எண்ணை வகுக்கும் மக்கள்தொகையாக) கொண்ட கணக்கில் அவர்களைச் சேர்த்தால் விகிதம் பிழையாகும்.

வகுஎண்ணை அலட்சியமாக எடுக்காதீர்கள்

நோயாளிகளைத் தேடுவதற்கு மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, மக்கள்தொகையை இணையத்தில் கண்ட முதல் எண்ணிலிருந்து எடுத்துப் போடுவது பலரும் செய்யும் தவறு. 2011-க்குப் பிறகு நம்மிடம் புதிய கணக்கெடுப்பு முடிவு இல்லை. அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. இதற்கிடையில் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 32-லிருந்து 38 ஆகிவிட்டன. 2011-இல் 39 லட்சம் பேர் இருந்த வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஆனால் பழைய மருத்துவப் பதிவேட்டில் மூன்று மாவட்ட நோயாளிகளுக்கும் வேலூர் என்றே எழுதியிருக்கும். புதிய வேலூரின் மக்கள்தொகையால் பழைய வேலூரின் நோயாளிகளை வகுத்தால், நோய் திடீரென்று பல மடங்கு பெருகியதுபோல் தோன்றும். ஆகவே 2011 கணக்கெடுப்பின் வட்டவாரி, ஊர்வாரி எண்களை எடுத்து, இன்றைய எல்லைக்கு ஏற்ப மறுபடி கூட்டி, அதன்மேல் அரசு வெளியிட்டிருக்கும் மக்கள்தொகை முன்கணிப்பின் வளர்ச்சியைச் சேர்ப்பதே பாதுகாப்பான வழி.

வகுஎண்ணில் ஆண்கள் மட்டுமே வர வேண்டும். நோயாளியின் இருப்பிடம் என்பது அவர் வழக்கமாக வசிக்கும் ஊரே. சிகிச்சை பெறும் ஊர் ஆகாது. வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவமனைக்குத் தொலைவான மாநிலங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். அங்கே சிகிச்சை பெறுவோர் எண்ணிக்கை அந்த மருத்துவமனையின் தரத்தைச் சொல்லுமே தவிர, அந்த மாவட்டத்தின் நோய் நிலையைச் சொல்லாது.

எதிர்பார்ப்பு எண்ணை முன்கூட்டியே போட்டு வையுங்கள்

தேடலைத் தொடங்கும் முன், எவ்வளவு பேர் கிடைக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டு வைப்பது நல்லது. 20 லட்சம் மக்கள், அதில் 10 லட்சம் ஆண்கள் உள்ள மாவட்டம் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன விகிதப்படி ஏ வகையில் 171, பி வகையில் 38, மொத்தம் 209 பேர் இருக்க வேண்டும். கடுமையான வகை மட்டும் லட்சம் ஆண்களுக்கு ஏ-யில் 6.0, பி-யில் 1.1 என்பதால், 71 பேர் வர வேண்டும். அதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கே நோய் கடுமையாக இருக்கும்.

இந்தக் கணக்கு வெறும் இலக்காக நிற்காமல், பட்டியலின் குறையைச் சுட்டிக் காட்டும் கருவியாகவும் பயன்படும். உங்கள் பட்டியலில் நான்கில் மூவர் கடுமையான நோயாளிகள் என்றால், லேசான நோயாளிகள் உங்கள் கண்ணில் படவில்லை. ஏ வகையினர் பி வகையினரைப்போல் நாலரை மடங்கு இருக்க வேண்டும். பி வகையே இல்லாவிட்டால், அங்குள்ள ஆய்வகத்தில் காரணி 9 சோதனை நடக்கிறதா என்று போய்ப் பாருங்கள். 45 வயதுக்கு மேற்பட்டவர்கள் மிகக் குறைவாக இருந்தால், அவர்கள் சிகிச்சையில்லாத காலத்திலேயே இறந்திருக்கலாம், அல்லது முடங்கிய முழங்காலோடு வீட்டிலேயே இருக்கலாம். இவ்விரண்டில் எது உண்மை என்பதை நேரில் விசாரித்துத்தான் அறிய முடியும்.

பட்டியல்களைச் சேர்த்தலும் பெயர்களை ஒப்பிடுதலும்

குறைந்தது இரண்டு பட்டியல்கள் வேண்டும். உறைதல் காரணி மருந்து இலவசமாக வழங்கும் அரசு மருத்துவமனையின் பதிவேடு முதலாவது. நோயாளிகள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், காரணி அளவைச் சோதிக்கும் ஆய்வகங்களின் பதிவேடு, உறைந்த பிளாஸ்மாவும் கிரையோவும் (பிளாஸ்மாவிலிருந்து பிரித்த, உறைதல் காரணி செறிந்த பகுதி) வழங்கிய ரத்த வங்கியின் குறிப்பேடு, பல் மருத்துவத் துறையின் பதிவுகள் ஆகியவற்றிலிருந்து மற்றொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியாவும் இடம்பெற்றுள்ளதால், யூ.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற்றவர்களின் பட்டியலும் கிடைக்கும். ஆனால் அந்த அட்டைக்கான சான்றிதழ் அரசு மருத்துவமனை வழியாகவே வருகிறது. ஆதலால் அது முதல் பட்டியலின் நிழலாகவே பெரும்பாலும் இருக்கும். புதிய செய்தி அதிகம் தராது.

இனி இந்த முயற்சியில் மிகுந்த கவனம் கோரும் பகுதிக்கு வருவோம். ஒரே ஆள் இரண்டு பட்டியலிலும் இருக்கிறாரா என்று கண்டறிவதில் ஏற்படும் பிழை, பின்னால் வரும் எல்லாக் கணக்கையும் கெடுத்துவிடும். நம் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான் உண்டு. ஒரு பட்டியலில் “மு. செல்வம்” என்றும் இன்னொன்றில் “எம். செல்வம்” என்றும் மூன்றாவதில் “செல்வம் முருகேசன்” என்றும் இருப்பது ஒரே ஆளாக இருக்கலாம். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும், வீட்டில் கூப்பிடும் பெயர் மருத்துவமனைச் சீட்டிலும் இருக்கலாம். இதற்கு நேர்மாறான ஆபத்தும் பரம்பரை நோயில் உண்டு. அண்ணன் தம்பி இருவருக்கும் ஹீமோபிலியா இருப்பது வழக்கமானதே. இருவருக்கும் ஒரே தலைப்பெழுத்து, ஒரே கதவு எண், ஒரே தொலைபேசி எண். சந்தோஷ், சதீஷ் என்று பெயரும் நெருக்கமாக இருந்துவிட்டால், எழுத்துப் பிழை என்று கருதி இருவரையும் ஒருவராக்கிவிடுவோம். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், தாய்வழித் தாத்தாவும் பேரனும் ஒரே பெயரோடு, ஒரே நோயோடு, ஒரே ஊரில் பதிவாகியிருப்பதும் உண்டு.

எனவே பெயரை மட்டும் நம்பாமல் பிறந்த ஆண்டு, தந்தை பெயர், தாய் பெயர், ஊர், நோயின் வகை, காரணி அளவு ஆகிய ஆறையும் ஒப்பிடுங்கள். தாயின் பெயரைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்; தாய்வழி வரும் நோயில் குடும்பங்களை இணைத்துப் பார்க்கவும் அது உதவும். இருவர் தனித்தனியாக ஒப்பிட்டு, முடிவு மாறுபடும் இடங்களை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து தீர்த்துக்கொள்வது நல்லது. ஒப்பீடு முடிந்தவுடன் பெயர்களை நீக்கி, குறியீட்டு எண்களை வைத்தே மேற்கொண்டு கணக்கிடுங்கள். நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இந்தக் கட்டத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

இரண்டு பட்டியலிலும் இல்லாதவர்களைக் கணக்கிடுதல்

இரண்டு பட்டியல்களை வைத்து விடுபட்டவர்களை மதிப்பிடும் முறை நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. இந்திய மக்கள்தொகை அறிஞர் சி. சந்திரசேகரும் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங்கும் 1949-இல் வெளியிட்ட கட்டுரை, கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் பதிவான பிறப்பு இறப்புகளைக் கொண்டு, பதிவில் வராதவற்றை மதிப்பிடும் வழியைக் காட்டியது. அதன் அடிப்படை எளிது. எண்களை விளக்கத்துக்காக நானே அமைத்துத் தருகிறேன்.

முதல் பட்டியலில் 90 பேர், இரண்டாவதில் 60 பேர், இரண்டிலும் இருப்பவர்கள் 40 பேர். பெயர் தெரிந்தவர்கள் மொத்தம் 110. இரண்டாம் பட்டியலின் 60 பேரில் 40 பேரை, அதாவது மூன்றில் இரண்டு பங்கினரை, முதல் பட்டியல் ஏற்கெனவே பிடித்திருக்கிறது. அப்படியானால் எல்லா நோயாளிகளிலும் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அது பிடித்திருக்கும் என்று கொள்ளலாம். 90 என்பது மூன்றில் இரண்டு பங்கு என்றால் முழுமை 135. சிறிய எண்களுக்குச் சற்றுத் திருத்திய வாய்பாடு நல்லது: இரு பட்டியல்களின் எண்ணோடும் தனித்தனியே 1 கூட்டிப் பெருக்கி, பொதுவானவர்களின் எண்ணோடு 1 கூட்டிய தொகையால் வகுத்து, விடையில் 1-ஐக் கழிக்க வேண்டும். 91-ஐ 61-ஆல் பெருக்கி 41-ஆல் வகுத்து 1 கழித்தால் 134 வருகிறது. 95 சதவீத நம்பக எல்லை, அதாவது உண்மையான எண் பெரும்பாலும் அடங்கக்கூடிய வீச்சு, ஏறத்தாழ 117 முதல் 152 வரை.

இங்கேயே நிறுத்திவிட்டால் பெரிய தவறு நேரும். எல்லா நோயாளிகளும் பட்டியலில் சேரும் வாய்ப்பு சமம் என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. மாதந்தோறும் மூட்டில் ரத்தம் கட்டும் சிறுவனுக்கும், பல் பிடுங்கும்போது மட்டும் தொல்லைப்படும் 40 வயதுக்காரருக்கும் அந்த வாய்ப்பு எப்படிச் சமமாகும்? ஆகவே கடுமையானவர்களையும் மற்றவர்களையும் பிரித்துக் கணக்கிடுங்கள். அதே 110 பேரைப் பிரித்தால், கடுமையானவர்கள் முதல் பட்டியலில் 56, இரண்டாவதில் 44, இரண்டிலும் 36 என்று வைத்துக்கொள்வோம், மதிப்பீடு 68. மிதமான, லேசான நோயாளிகள் முறையே 34, 16, 4, மதிப்பீடு 118. மொத்தம் 186. பிரிக்காமல் போட்டபோது 134 என்று வந்த அதே விவரங்கள்தான், பிரித்தபோது 186 ஆகின்றன. கடுமையானவர்களில் நால்வர் மட்டுமே விடுபட்டிருக்க, மற்றவர்களில் 72 பேரை யாரும் அறியவில்லை என்பது இப்போது தெரிகிறது. ஆனால் அந்த 118-இன் நம்பக எல்லை மிக அகலமானது. பொதுவானவர்கள் நால்வரே என்பதால், மேல் எல்லை 190-ஐத் தாண்டுகிறது. இந்த அகலத்தை மறைக்காமல் எழுத வேண்டும்.

பட்டியல்கள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. அரசு மருத்துவமனைக்கு வருவோரையெல்லாம் சங்கத்தில் சேரச் சொல்லி அனுப்பினால், பொதுவானவர்கள் செயற்கையாகக் கூடி, மதிப்பீடு உண்மையைவிடக் குறையும். வசதியுள்ளவர்கள் தனியார் மருத்துவமனைக்கும் மற்றவர்கள் அரசு மருத்துவமனைக்கும் எனப் பிரிந்துவிட்டால், பொதுவானவர்கள் குறைந்து, மதிப்பீடு கூடும். நம் மாவட்டங்களில் முதலாவதே அதிகம் நிகழக்கூடியது என்பது என் கருத்து. எனவே வரும் எண்ணைக் கீழ் எல்லையாகவே கருதுவது நல்லது.

குடும்ப வழியாகத் தேடுவதும் அவசியம். உறுதி செய்யப்பட்ட ஒவ்வொருவரின் தாயிடமும் அவருடைய சகோதரர்கள், சகோதரிகளின் மகன்கள், தாய்மாமன்கள் பற்றிக் கேளுங்கள். இவ்வாறு கிடைத்தவர்களைச் சிகிச்சையில் சேர்க்கலாம், எண்ணிக்கையில் சேர்க்கலாம். தனிப் பட்டியலாக மேற்சொன்ன வாய்பாட்டில் மட்டும் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் அவர்கள் முதல் பட்டியல் வழியாகவே கிடைத்தவர்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்நோய் இருந்திராது. மரபணுவில் புதிதாக ஏற்படும் மாற்றமே இதற்குப் பெரும் காரணம். லண்டனில் இருந்த ஹீமோபிலியா நோயாளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு, அந்த மாற்றம் எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்று மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1935-இல் கணக்கிட்டார். அவரே பின்னாளில் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார். குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று தாயைக் குற்றம் சொல்லும் வீடுகளில், இந்த உண்மையைக் கணக்கெடுக்கப் போகிறவர் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

சிறிய எண்களை வைத்து ஊர்களை ஒப்பிடாதீர்கள்

ஒரு லட்சம் ஆண்கள் உள்ள வட்டத்தில் 21 நோயாளிகளை எதிர்பார்க்கலாம். தற்செயலால் மட்டுமே அது 12 முதல் 30 வரை மாறலாம். ஆகவே ஒரு வட்டத்தில் 14 பேர், பக்கத்து வட்டத்தில் 27 பேர் என்பதைக் கொண்டு தண்ணீரையோ சாதியையோ காரணம் காட்டக் கூடாது. நோயாளிகளோடு குடும்பங்களையும் எண்ணுங்கள். 27 பேரில் 9 பேர் ஒரே பாட்டியின் வழிவந்தவர்களாக இருக்கலாம். ஒரு தெருவில் பலருக்கு இருப்பதைக் கண்ட பிறகு அந்தத் தெருவுக்கு மட்டும் விகிதம் போடுவதும் தவறு. எல்லையை முதலில் வகுத்துவிட்டு, எண்ணிக்கையைப் பிறகு தொடங்க வேண்டும். ஒருவரையும் காணாவிட்டாலும் விடை சுழியம் ஆகாது: 10,000 பேரைச் சோதித்து யாருக்கும் இல்லையென்றால், உண்மை விகிதம் 10,000-க்கு 3 வரை இருக்கலாம் என்பதே பொருள்.

இரு பெற்றோர் வழியும் வரும் நோய்களில்

ஹீமோபிலியா மகனுக்குத் தாயிடமிருந்து மட்டுமே வருவதால், சொந்தத்தில் திருமணம் செய்வது ஆண்களிடம் அதன் விகிதத்தைக் கூட்டுவதில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் நோய்களில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே நோயாளிகளைத் தேடுவதற்குப் பதிலாக, மரபணுவைத் தாங்குவோரைச் சோதித்துக் கணக்கிடலாம். பழுதான மரபணுவின் விகிதம் 200-இல் 1 என்றால், 1908-இல் ஹார்டியும் வைன்பெர்க்கும் தந்த விதிப்படி, அந்த விகிதத்தை அதனாலேயே பெருக்கினால், 40,000 குழந்தைகளில் ஒன்றுக்கு நோய் வரும். அந்த விதி, உறவு பார்க்காமல் திருமணங்கள் நடப்பதாகக் கொள்கிறது. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் அதே மரபணு விகிதத்துக்கு ஏறத்தாழ 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கும், தாய்மாமன் அக்காள் மகள் திருமணத்தில் சுமார் 1,550-இல் ஒன்றுக்கும் நோய் வரும். தமிழ்நாட்டில் சொந்தத் திருமணங்கள் கணிசமாக உள்ளன. வெளிநாட்டு எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் உண்மையில் ஒரு சிறு பங்கே கணக்கில் வரும்.

உறவுக்கு வெளியே, ஆனால் சமூகத்துக்குள்ளேயே மணம் முடிப்பதும் இதே விளைவைத் தரும். சம அளவுள்ள இரண்டு சமூகங்களில் ஒன்றில் மரபணு விகிதம் 10-இல் 1, மற்றதில் சுழியம் என்றால், சராசரியை வைத்துக் கணக்கிட்டால் 400-இல் ஒருவர். உண்மையில் 200-இல் ஒருவர், அத்தனை பேரும் ஒரே சமூகத்தில். இவ்வகை நோய்களில் ஒன்றான அரிவாள் செல் ரத்த நோயின் மரபணு இந்தியாவில் 1952-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். அங்கே மாவட்டச் சராசரி என்ற எண்ணால் யாருக்கும் பயனில்லை. சமூகவாரியாகக் கணக்கிட வேண்டும், ஆனால் அந்த எண்ணைச் சமூகத்தின் ஒப்புதலோடுதான் வெளியிட வேண்டும்.

எழுதி ஒப்படைத்தல்

அறிக்கையில் கணக்கிட்ட நாள், நோயின் வரையறை, எல்லை, வகுஎண் வந்த வழி, ஒவ்வொரு பட்டியலின் எண்ணிக்கை, பொதுவானவர்கள், மதிப்பீடு, அதன் நம்பக எல்லை ஆகியவை இருக்க வேண்டும். ஐவருக்குக் குறைவான எண்ணிக்கையை ஊர்ப் பெயரோடு அச்சிடாதீர்கள். சிறிய ஊரில் “இருவர்” என்று எழுதினாலே அது எந்த வீடு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்த வீட்டுப் பெண்ணின் திருமணப் பேச்சு அதனால் நின்றுபோகலாம்.

அந்த எண்ணை மருந்துக் கொள்முதல் செய்பவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். உயிர்காக்கும் குறைந்தபட்ச அளவாக, மக்கள்தொகையில் தலைக்கு ஆண்டுக்கு 1 சர்வதேச அலகு காரணி 8 வேண்டும் என்பது உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு சொல்லும் அளவு. 20 லட்சம் பேர் உள்ள மாவட்டத்துக்கு அது 20 லட்சம் அலகு. பதிவில் உள்ள 110 பேருக்கு மட்டும் மருந்து வாங்கும் மாவட்டத்தில், 186 என்ற மதிப்பீடு இரண்டு காரியங்களைக் கோருகிறது: விபத்தோ அறுவை சிகிச்சையோ நேரும் நாளில் முதன்முறையாக வரப்போகும் லேசான நோயாளிக்காக அவசரக் கையிருப்பு வைப்பதும், பல் மருத்துவப் பிரிவிலும் அறுவை சிகிச்சைப் பிரிவிலும் “முன்பு எப்போதாவது ரத்தம் நிற்காமல் போனதுண்டா” என்ற கேள்வியைச் சேர்க்கை விண்ணப்பத்தில் இடம்பெறச் செய்வதும்.